வீட்டுத் தையல் இயந்திரத்தில் குவில்ட் தைத்தல்

குவில்ட் என்பது இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு அடுக்கு ஒன்றை வைத்து, மூன்றும் விலகாதபடி பரப்பு முழுவதும் தையலிட்டு உருவாக்கப்படும் போர்வை அல்லது விரிப்பு ஆகும். இதன் மேல்துணி பெரும்பாலும் பல வண்ணத் துண்டுத் துணிகளை இணைத்து அமைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆத்திரேலியா முதலிய நாடுகளில் வீட்டில் குவில்ட் தைப்பது பரவலான கைவினையாக விளங்குகிறது.

கையால் தைத்தால் மாதக்கணக்கில் நீளும் இவ்வேலையைத் தையல் இயந்திரம் சில நாட்களில் முடித்துத் தரும். ஆனால் பல குவில்ட்கள் பாதியில் கைவிடப்படுவதற்கும் அதே இயந்திரம் காரணமாகிறது. அடியில் நூல் சிக்கிக் கட்டியாவது, தையல் விட்டு விட்டு விழுவது, நூல் அறுவது, துணி சுருங்குவது ஆகியவை தொடர்ந்து நேரும்போது, இயந்திரம் பழுதாகிவிட்டது என்றோ தையல் தமக்குக் கைவரவில்லை என்றோ பலர் முடிவு செய்துவிடுகின்றனர். முடிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கும் குவில்ட்களை அமெரிக்கத் தையல்காரர்கள் பறக்கும் தட்டைக் குறிக்கும் 'யூஎஃப்ஓ' என்ற சொல்லாலேயே கேலியாக அழைக்கின்றனர். 'முடியாத பொருள்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளும் அவையே.

இச்சிக்கல்களில் பெரும்பாலானவை இயந்திரத்தின் பழுதால் வருவன அல்ல. மேல்நூலும் அடிநூலும் பின்னிக்கொள்ளும் முறையையும், தடித்த மூன்று அடுக்குகள் அம்முறையை எவ்வாறு குலைக்கின்றன என்பதையும் புரிந்துகொண்டால் அவற்றை வீட்டிலேயே சரிசெய்ய முடியும்.

சொல்லும் அமைப்பும்

'குவில்ட்' என்ற ஆங்கிலச் சொல், மெத்தையைக் குறிக்கும் 'குல்கிடா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. குவில்ட் ஒன்றில் மூன்று அடுக்குகள் உள்ளன.

1. மேல்துணி: துண்டுகளை இணைத்துத் தைத்த ஒட்டுத்துணியாகவோ ஒரே துணியாகவோ இருக்கலாம்.
2. நடு அடுக்கு: பருத்திப் பஞ்சு, கம்பளி, பாலியெஸ்டர் ஆகியவற்றுள் ஒன்றாலான மெல்லிய பஞ்சுத் தாள்.
3. அடித்துணி: மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் சில அங்குலம் பெரிதாக வெட்டப்படும் துணி.

வேலையிலும் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் துண்டுகளை இணைத்து மேல்துணி உருவாக்கப்படுகிறது. அடுத்து மூன்று அடுக்குகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விரித்துத் தைக்கப்படுகின்றன. குவில்ட் தையல் என்று சரியாகச் சொல்லத்தக்கது இந்த இரண்டாம் கட்டமே. இறுதியில் ஓரங்களுக்குப் பட்டித் துணி வைத்து மடித்துத் தைக்கப்படுகிறது. முதல் கட்டத்தில் நன்றாக ஓடிய இயந்திரம் இரண்டாம் கட்டத்தில் தடுமாறத் தொடங்குவது பலரும் காணும் ஒன்றாகும்.

வரலாறு

துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் வழக்கம் பல நாடுகளில் தனித்தனியே வளர்ந்தது. இன்றுவரை எஞ்சியுள்ள பழைய குவில்ட்களுள் ஒன்று, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலித் தீவில் தைக்கப்பட்ட திரிஸ்டன் குவில்ட் ஆகும். இது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. வங்காளத்தின் காந்தா, இராசத்தானத்தின் ரசாய், கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் கவந்தி ஆகியவை இந்தியாவில் புகழ்பெற்றவை. பழைய நூல் புடவைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் தமிழ் வீட்டு வழக்கமும் இவற்றுக்கு நெருங்கியதே.

தையல் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வீடுகளை எட்டியது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இல் பூட்டுத் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851இல் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். துணியைத் தானே நகர்த்தும் பற்களின் நால்வகை அசைவை ஆலன் வில்சன் 1854இல் உருவாக்கினார். 1850களில் சிங்கர் நிறுவனம் தவணை முறை விற்பனையைத் தொடங்கியதும், மொத்தப் பணமும் கையில் இல்லாத குடும்பங்களும் இயந்திரம் வாங்கத் தொடங்கின.

குவில்ட் தைப்போர் இக்கருவியை விரைவில் ஏற்றுக்கொண்டனர். சியார்சியா மாநிலத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் காட்சிகளைத் துணி உருவங்களாக அமைத்துத் தைத்த குவில்ட் 1886இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. பின்னர் வறுமையினால் 1891இல் அவர் அதை 5 டாலருக்கு விற்க நேர்ந்தது. இன்று சுமித்சோனியன் நிறுவனத்தில் பாதுகாக்கப்படும் அக்குவில்ட்டில் கைத்தையலும் இயந்திரத் தையலும் சேர்ந்தே காணப்படுகின்றன.

பூட்டுத் தையல் உருவாகும் முறை

வீட்டுத் தையல் இயந்திரங்கள் பெரும்பாலும் பூட்டுத் தையலையே இடுகின்றன. இதற்கு இரண்டு நூல்கள் தேவை. ஒன்று நூல்கண்டிலிருந்து ஊசிக்கு வரும் மேல்நூல். மற்றது துணிக்கு அடியில் பாபினில் சுற்றப்பட்ட அடிநூல்.

ஊசி துணியைத் துளைத்துக் கடைசி ஆழம்வரை இறங்குகிறது. பிறகு அது சுமார் 2 மி.மீ. மேலே எழும்போது, துணியின் பிடிப்பால் மேல்நூல் உடன் எழ முடியாமல் ஊசிக்குப் பின்னால் சிறு வளையமாகப் பிதுங்குகிறது. அதே நொடியில் அடியில் சுழலும் கொக்கியின் முனை அவ்வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. இதனால் அடிநூல் வளையத்துக்குள் அகப்படுகிறது. அடுத்து, இயந்திரத்தின் முகப்பில் ஏறி இறங்கும் நூல் இழுக்கும் கம்பி மிச்ச நூலை மேலே இழுத்து முடிச்சை இறுக்குகிறது. பற்கள் துணியை ஒரு தையல் நீளம் நகர்த்த, அடுத்த தையல் தொடங்குகிறது.

இம்முறையில் மூன்று நிபந்தனைகள் அடங்கியுள்ளன. வளையம் சரியான அளவில் உருவாக வேண்டும். கொக்கி சரியான நேரத்தில் அதைப் பிடிக்க வேண்டும். இரு நூல்களின் இழுவையும் சமமாக இருந்து முடிச்சு துணியின் நடுவில் அமைய வேண்டும். குவில்ட் தைக்கும்போது தோன்றும் ஏறக்குறைய எல்லாச் சிக்கல்களும் இவற்றுள் ஒன்று தவறுவதாலோ, துணி சீராக நகராததாலோ ஏற்படுகின்றன.

பொதுவான சிக்கல்களும் காரணங்களும்

அடியில் நூல் கட்டியாதல்

துணியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் குருவிக்கூடு போல் நூல் திரண்டிருப்பது மிகுதியாகக் காணப்படும் சிக்கலாகும். அடியில் தெரிவதால் பலரும் பாபினைக் கழற்றி மாட்டி, அதன் திருகையும் திருகிப் பார்க்கின்றனர். உண்மையில் இதன் காரணம் பெரும்பாலும் மேலே இருக்கிறது. மேல்நூலுக்கு இழுவை இல்லாதபோது, கொக்கி இழுத்துச் சென்ற நூல் திரும்ப மேலே ஏறாமல் அடியிலேயே தங்கிவிடுகிறது.

மேல்நூலின் இழுவையைக் கட்டுப்படுத்துபவை, அதை நடுவில் வைத்து நெருக்கும் சிறு தட்டுகள் ஆகும். துணியை அழுத்தும் பாதம் மேலே தூக்கியிருக்கும்போது இத்தட்டுகள் விலகியிருக்கும்; பாதம் இறங்கினால் நெருங்கிவிடும். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் நூல் தட்டுகளுக்கு இடையில் நுழையாமல் வெளியிலேயே நின்றுவிடும். ஆகவே பாதத்தைத் தூக்கி, மேல்நூலை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கோப்பதே முதல் தீர்வு. பிறகு பாதத்தை இறக்கி நூலை இழுத்துப் பார்த்தால் தடை தெரிய வேண்டும். தொடக்கத்தில் இரு நூல்களின் முனைகளையும் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் சில தையல்களை இட்டால் முனைகள் உள்ளே இழுபட்டுச் சிக்குவதும் தவிர்க்கப்படும்.

தையல் விடுபடுதல்

கொக்கி வளையத்தைப் பிடிக்கத் தவறினால் அந்த இடத்தில் தையல் விழாது. வளைந்த ஊசி, முனை மழுங்கிய ஊசி, முழுவதும் மேலே ஏற்றி மாட்டப்படாத ஊசி, திசை மாறி மாட்டப்பட்ட ஊசி ஆகியவை முதன்மைக் காரணங்கள். ஊசியின் ஒரு பக்கத்தில் நீண்ட பள்ளம் இருக்கும். நூல் நுழைய வேண்டியது அப்பக்கத்திலிருந்தே. எதிர்ப்பக்கத்தில் கண்ணுக்கு மேலே உள்ள சிறு குடைவை ஒட்டித்தான் கொக்கி கடந்து செல்கிறது.

குவில்ட்டுக்கு உரிய இன்னொரு காரணமும் உண்டு. பஞ்சு அடுக்கு தடித்திருப்பதால் ஊசி மேலே எழும்போது துணியும் ஒட்டிக்கொண்டு எழும்புகிறது. அப்போது மேல்நூல் தளராததால் வளையம் உருவாவதில்லை. பாதத்தின் அழுத்தம் போதிய அளவில் இருப்பதும், கூரான புதிய ஊசியும் இதைக் குறைக்கும். குவில்ட்டுக்கு 75/11 அல்லது 90/14 அளவு ஊசிகள் பொதுவாகப் பயன்படுகின்றன. இவற்றில் 90 என்பது ஊசித் தண்டின் விட்டம் 0.9 மி.மீ. என்பதைக் குறிக்கும். ஏறத்தாழ 8 மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுவது நல்லது என்பது பரவலான அறிவுரை.

முடிச்சு வெளியில் தெரிதல்

இரு நூல்களின் இழுவை சமமாக இருந்தால் முடிச்சு நடுப் பஞ்சுக்குள் மறைந்துவிடும். மேல்நூல் இறுகியிருந்தால் அடிநூலின் நிறம் மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும். தளர்ந்திருந்தால் மேல்நூலின் நிறம் அடியில் தெரியும். இரு பக்கத்துக்கும் வேறு வேறு நிறத்தில் நூல் போடும்போது இது எளிதில் கண்ணில் படுகிறது. மேல்நூலின் திருகை அரை எண் அளவு கூட்டியோ குறைத்தோ, அதே துணியும் அதே பஞ்சும் கொண்ட சிறு மாதிரித் துண்டில் தைத்துப் பார்ப்பதே வழி. வெறும் துணியில் சரியாக விழுந்த தையல் பஞ்சு வைத்ததும் மாறிவிடக்கூடும்.

துணி நகர்ந்து சுருங்குதல்

இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை மட்டுமே பிடித்து நகர்த்துகின்றன. மேலிருந்து அழுத்தும் பாதமோ மேல்துணியைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டு மெல்லிய துணிகளில் இவ்வேறுபாடு கவனத்துக்கு வராது. நடுவில் வழுக்கும் பஞ்சு அடுக்கு இருந்தால் மேல்துணி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி, குறுக்குத் தையலைச் சந்திக்கும் இடத்தில் மடிப்பாக விழுகிறது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. ஒன்று, 'நடக்கும் பாதம்' என்ற துணைக்கருவி. இதற்கும் பற்கள் உண்டு என்பதால் மேல்துணியும் அடித்துணியும் ஒரே வேகத்தில் நகரும். மற்றொன்று, தைப்பதற்கு முன் செய்யும் ஏற்பாடு. அடித்துணியைத் தரையிலோ மேசையிலோ சுருக்கமின்றி விரித்து ஓரங்களை ஒட்டுநாடாவால் பிடிக்க வைத்து, அதன்மேல் பஞ்சையும் மேல்துணியையும் பரப்பி, ஒரு கையகல இடைவெளிக்கு ஒன்றாக ஊக்குகளைக் குத்த வேண்டும். தையலை நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கிக் கொண்டுசென்றால் மிகுதியான துணி வெளியே தள்ளப்படும். ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்தால் அது நடுவில் அகப்பட்டுக்கொள்ளும்.

போர்வையின் எடை

வீட்டு இயந்திரத்தில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே உள்ள இடம் பெரும்பாலும் 16 முதல் 20 செ.மீ. வரைதான். இரட்டைக் கட்டிலுக்கான போர்வை 230 செ.மீ. அகலம் இருந்தால், அதன் நடுவைத் தைக்கும்போது 115 செ.மீ. துணியைச் சுருட்டி அவ்விடைவெளிக்குள் நுழைக்க வேண்டும். மீதிப் போர்வை மேசைக்கு வெளியே தொங்கினால் அதன் எடை துணியைப் பின்னிழுக்கும். விளைவாகத் தையல் நீளம் சீரற்றுப்போகும். ஊசி வளைந்து உலோகத் தகட்டில் மோதி உடையவும் கூடும். பற்களோ இயந்திரமோ வலுவிழந்துவிட்டதாகத் தோன்றும் பல நேரங்களில் காரணம் இந்த எடையே. இயந்திரத்தின் இடப்புறமும் பின்புறமும் மேசையோ நாற்காலியோ போட்டுப் போர்வையைத் தாங்கச் செய்தால் போதும். போர்வையைச் சிறு சதுரங்களாகத் தனித்தனியே குவில்ட் தையலிட்டு, இறுதியில் இணைக்கும் முறையும் கையாளப்படுகிறது.

அளவு பொருந்தாமை

ஒட்டுத்துணி வேலையில் துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. விட்டுத் தைப்பது மரபு. பத்துச் சதுரங்கள் கொண்ட வரிசையில் ஒன்பது இணைப்புகள் இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் 1 மி.மீ. கூடுதலாக உள்ளே தைத்துவிட்டால் இரு துண்டுகளிலிருந்தும் சேர்ந்து 2 மி.மீ. குறையும், வரிசை முழுவதும் 18 மி.மீ. சுருங்கிவிடும். அடுத்த வரிசை சரியாக இருந்தால் இரண்டும் பொருந்தா.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒன்றரை அங்குல அகலமுள்ள மூன்று பட்டைகளை இணைத்துத் தைத்து இஸ்திரி போட்டால், நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் கோட்டை ஓரிரு நூலிழை அளவு ஓரத்தை நோக்கி நகர்த்த வேண்டும்.

சரிபார்க்கும் வரிசை

சிக்கல் தோன்றியதும் பல திருகுகளை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமல் போகும். எளியதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் மாதிரித் துண்டில் தைத்துப் பார்ப்பது பயன் தரும்.

1. பாதத்தைத் தூக்கி மேல்நூலைப் புதிதாகக் கோத்தல்.
2. புதிய ஊசி மாட்டுதல். அது முழுவதும் மேலேறியுள்ளதா, திசை சரியா என்று பார்த்தல்.
3. பாபினை எடுத்து, நூல் சீராகச் சுற்றப்பட்டுள்ளதா, பாபின் அந்த இயந்திரத்துக்கு உரிய அளவா என்று பார்த்தல்.
4. ஊசித் தகட்டைக் கழற்றிப் பற்களின் இடுக்கிலும் கொக்கியைச் சுற்றியும் உள்ள பஞ்சுத் தூசியைச் சிறு தூரிகையால் எடுத்தல். பருத்திப் பஞ்சு வைத்துத் தைக்கும்போது தூசி விரைவில் சேரும். வாயால் ஊதினால் தூசி உள்ளே போவதுடன் ஈரமும் படும்.
5. எண்ணெய் விட வேண்டிய இயந்திரமாக இருந்தால் கையேட்டில் காட்டிய இடங்களில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுதல். தேங்காய் எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டியாகி இயந்திரத்தை இறுக்கிவிடும்.
6. வேறு நூல் போட்டுப் பார்த்தல். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த நூல் வலுவிழந்து அடிக்கடி அறும்.
7. இவற்றுக்குப் பிறகே மேல்நூல் திருகை மாற்றுதல்.

இவ்வளவுக்குப் பின்னும் சிக்கல் தொடர்ந்தால், ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம் பிசகியிருக்க வாய்ப்புண்டு. தடித்த இடத்தில் ஊசி உடைந்து மோதும்போது இது நேரலாம். இதைச் சரிசெய்வது இயந்திரம் பழுதுபார்ப்பவரின் வேலையாகும்.

பற்களை இறக்கித் தைத்தல்

நேர்கோடுகளுக்கு மாறாக இலை, சுருள், வளைவு போன்ற வடிவங்களைத் தைக்க, பற்களைக் கீழே இறக்கிவிட்டுத் துணியைக் கைகளால் எல்லாத் திசையிலும் நகர்த்துவர். இதில் தையலின் நீளத்தை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. ஊசியின் வேகமும் கையின் வேகமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இயந்திரம் நிமிடத்துக்கு 600 தையல் இட்டால் நொடிக்கு 10 தையல் ஆகிறது. அந்த ஒரு நொடியில் கை துணியை 25 மி.மீ. நகர்த்தினால் ஒவ்வொரு தையலும் 2.5 மி.மீ. நீளம் இருக்கும். கை தயங்கினால் தையல்கள் ஓரிடத்தில் குவியும். கை விரைந்தால் நீண்டு தளரும். திடீரென்று இழுத்தால் ஊசி வளையும்.

தொடக்கத்தில் தையல் ஒழுங்கற்று விழுவது இதனால் இயல்பானது. மிதிவண்டி ஓட்டுவதைப் போல, இரு வேகங்களையும் இணைக்கக் கைக்கும் காலுக்கும் பழக்கம் தேவைப்படுகிறது. பழைய துணியில் பஞ்சு வைத்துச் சிறு துண்டுகளில் நாள்தோறும் சிறிது நேரம் பழகுவது, நேரடியாகப் பெரிய போர்வையில் தொடங்குவதைவிட நல்ல பலன் தரும்.

கைத்தையலும் இயந்திரத் தையலும்

ஒட்டுத்துணியை இயந்திரத்தில் இணைப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே ஏற்கப்பட்டுவிட்டாலும், மூன்று அடுக்குகளையும் சேர்க்கும் குவில்ட் தையல் கையால் இடப்பட்டால்தான் மதிப்பு என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கக் குவில்ட்களைச் சுவரில் ஓவியங்களைப் போல் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்தியபின் இக்கலையில் புதிய ஆர்வம் எழுந்தது. 1979இல் ஓல்ஃபா நிறுவனம் வெளியிட்ட சக்கரக் கத்தி, துணி அடுக்குகளை விரைவாகவும் துல்லியமாகவும் வெட்ட உதவியது. 1989இல் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா நகரில் நடந்த அமெரிக்கக் குவில்ட்டர்கள் சங்கத்தின் போட்டியில், இயந்திரத்தில் குவில்ட் தையலிடப்பட்ட படைப்பு ஒன்று முதன்முறையாகத் தலைசிறந்த பரிசைப் பெற்றது. சூரிய கிரகணத்தைக் கருவாகக் கொண்ட அப்படைப்பை உருவாக்கியவர் கேரில் பிரையர் ஃபாலர்ட். இது குவில்ட் தைப்போரிடையே கடும் விவாதத்தைக் கிளப்பியது. எனினும் இயந்திரத் தையலுக்கும் தனித் தேர்ச்சி வேண்டும் என்பது அதன்பின் பரவலாக ஏற்கப்பட்டது.

இன்று கணினி பொருத்திய இயந்திரங்களும், போர்வையைச் சட்டத்தில் பூட்டிவிட்டு இயந்திரத்தை அதன்மேல் நகர்த்தும் நீள்கை இயந்திரங்களும் விற்பனையில் உள்ளன. ஆனால் குவில்ட் தைக்க இவை கட்டாயம் அல்ல. 1933இல் அறிமுகமான, சுமார் 5 கிலோ எடையுள்ள சிங்கர் ஃபெதர்வெயிட் இயந்திரத்தை இன்றும் விரும்பித் தேடி வாங்குவோர் உள்ளனர். நேர்த்தையல் மட்டுமே போடும் அவ்வகை எளிய இயந்திரத்திலும், கால்மிதி இயந்திரத்திலும், ஊசியும் நூலும் சரியாக இருந்து போர்வையின் எடை தாங்கப்பட்டிருந்தால், தொட்டில் அளவுள்ள முதல் குவில்ட்டை நேர்கோட்டுத் தையலில் நன்றாகவே முடிக்கலாம்.